போன் செய்தது நான், நோட்டீஸ் வந்தது அவருக்கு

கேள்வி: என் கணவர் குளிர்சாதன இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறார். நாள் முழுக்கக் காரில்தான் அலைச்சல். போன மாதம் ஒரு மாலை, மகளைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவது என்று கேட்க அவருக்குப் போன் செய்தேன். பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று "வச்சிடு, வச்சிடு" என்று சொல்லித் துண்டித்துவிட்டார். சிக்னலில் நின்றபடி போனைக் காதில் வைத்திருந்ததைப் போக்குவரத்துக் காவலர் பார்த்துவிட்டார். இப்போது வந்திருக்கும் நோட்டீஸில் இரண்டு வழி கொடுத்திருக்கிறார்கள். அபராதம் கட்டி, லைசென்ஸில் தண்டனைப் புள்ளியை (இது சேரச் சேர லைசென்ஸே பறிபோகலாம்) ஏற்றுக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அரை நாள் ஓட்டுநர் பயிற்சி வகுப்புக்குப் போகலாம். "வண்டி நின்னுட்டுதானே இருந்துச்சு? பணத்தைக் கட்டிட்டு வேலையைப் பார்க்கிறேன். ஒரு ப்ளூடூத் செட் வாங்கிட்டா முடிஞ்சுது" என்கிறார் அவர். என் அண்ணனோ, வகுப்பு என்பதே தப்பு செய்தவர்கள் தப்பிக்கிற வழி, அதைக் கொடுக்கவே கூடாது என்கிறார். எனக்கு வேறொரு கவலை. அந்த நேரத்தில் போன் செய்தது நான்தானே?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவரை வகுப்புக்குப் போகச் சொல்லுங்கள். முடிந்தால் வகுப்பு நடக்கும் நாளில் அவருக்கு வேறு வேலை இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே அவர் போனை அணைத்துவிட்டு உட்கார வேண்டியிருக்கும். அவருக்கு அதுவே ஒரு பாடம்.

12 ஆண்டுகளாக இந்த வகுப்புகளை எடுத்து வருகிறேன். அதற்கு முன்னால் பேருந்து ஓட்டினேன். வகுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் கோபமாகத்தான் வருவார்கள். கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்காருவார்கள். "ஏன் வந்தீர்கள்?" என்று கேட்டால் பாதிப் பேர் சொல்வது உங்கள் கணவர் சொன்ன அதே வரிதான்: வண்டி நின்றுகொண்டுதானே இருந்தது? அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பல நாட்டுச் சட்டங்களில், சிக்னலில் நிற்கும் வண்டியும் ஓடுகிற வண்டியாகத்தான் கணக்கு. பிரிட்டனில் இது வெளிப்படையான விதி. நின்றிருக்கும் வண்டிக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று தோன்றும். காரணம், கை போனை விட்ட அதே நொடியில் மனம் அதை விட்டுவிடுவதில்லை. அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்புக்காக இயங்கும் ஏஏஏ அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழகம் செய்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. வண்டியில் குரல் கட்டளை கொடுத்து ஒரு வேலையை முடித்த பிறகும் ஓட்டுநரின் கவனம் முழுசாகச் சாலைக்குத் திரும்ப 27 விநாடிகள் வரை ஆகலாம் என்று அதில் அளந்து சொன்னார்கள். சிக்னல் பச்சையான பிறகும் அசையாமல் நிற்கிற காரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பின்னால் ஹார்ன் அடித்ததும் அவர் நிமிர்வார், உடனே ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். ஓரமாக வந்து நின்ற சைக்கிளும், பாதி சாலையைக் கடந்துவிட்ட வயதானவரும் அவர் கண்ணில் படுவது அதற்கு அப்புறம்தான். பேருந்து ஓட்டிய காலத்தில் உயரமான இருக்கையிலிருந்து இதை எத்தனையோ முறை பார்த்து வயிறு கலங்கியிருக்கிறேன்.

அடுத்தது ப்ளூடூத். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். தப்பு கையில் இருந்தது, கையைக் காலியாக்கிவிட்டால் தப்பு போய்விடும் என்று உங்கள் கணவர் உண்மையாகவே நம்புகிறார். கனடாவின் டொராண்டோவில் நடந்த ஓர் ஆய்வு 1997-இல் வெளியானது. விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் போன் கணக்குகளை எடுத்து, அழைப்பு நேரத்தையும் விபத்து நேரத்தையும் பொருத்திப் பார்த்தார்கள். போனில் பேசும்போது விபத்துக்கான வாய்ப்பு ஏறக்குறைய 4 மடங்கு என்று தெரிந்தது. கையில் பிடித்துப் பேசியவர்களுக்கும் ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசியவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட ஓட்டுநர்களை வைத்துச் செய்து 2005-இல் வெளியிட்ட ஆய்விலும் அதே 4 மடங்குதான் வந்தது. பல நாடுகளில் சட்டம் ஹேண்ட்ஸ்ஃப்ரீயை அனுமதிக்கிறது. அதனால் அது பாதுகாப்பானது என்று மக்கள் நினைத்துக்கொள்கிறார்கள். காவலருக்குக் கண்ணில் படுவது கை மட்டும்தான், அதனால் சட்டமும் கையைப் பிடிக்கிறது. மனசுக்குள் ஓடுகிற பேச்சை யார் பிடிப்பது?

"அப்படியானால் பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு பேசுவது மட்டும் சரியா?" என்று வகுப்பில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். நல்ல கேள்வி. யூட்டாவில் இதையும் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். ஓட்டும் உணர்வைத் தரும் கருவியில் ஆட்களை உட்கார வைத்து, ஒரு குறிப்பிட்ட இடத்தில் நெடுஞ்சாலையை விட்டு வெளியேறச் சொன்னார்கள். போனில் பேசிக்கொண்டு ஓட்டியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். பக்கத்தில் நண்பரை வைத்துப் பேசிக்கொண்டு ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சரியாகத் திரும்பினார்கள். பக்கத்தில் இருப்பவருக்குச் சாலை தெரிகிறது, அதுதான் விஷயம். முன்னால் லாரி பிரேக் போட்டால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார், "பார்த்து" என்பார், திருப்பத்தை நினைவுபடுத்துவார். போனில் இருப்பவருக்கு எதுவுமே தெரியாது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பார், பதிலும் எதிர்பார்ப்பார்.

சகோதரி, இப்போது உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். நீங்கள் குற்றவாளி அல்ல. அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல்தான் கூப்பிட்டீர்கள், எடுப்பதா வேண்டாமா என்பது அவர் கையில் இருந்தது. ஆனால் உங்கள் மனசு உறுத்துவதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எங்கள் வகுப்பில் உட்காருகிறவர்கள் எல்லாரும் போனை எடுத்தவர்கள். கூப்பிட்டவர்கள் யாரும் வகுப்புக்கு வருவதில்லை, அவர்களுக்கு நோட்டீஸும் போவதில்லை. கூப்பிட்டவர் ஒருவர் தானாக எழுதிக் கேட்பது இந்த 12 ஆண்டுகளில் எனக்கு இதுதான் முதல் தடவை. என்ன செய்யலாம் என்று பின்னால் எழுதுகிறேன்.

உங்கள் அண்ணன் சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. அவர் பக்கம் நிற்கிற அரசாங்கமே உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு காலத்தில் போனோடு பிடிபட்டவர்களுக்கு வகுப்பு தரப்பட்டது. 2017 மார்ச் 1 முதல் தண்டனை இரட்டிப்பானது. 100 பவுண்டாக இருந்த அபராதம் 200 ஆனது, 3 புள்ளி 6 ஆனது. அதோடு வகுப்புக்குப் போகும் வாய்ப்பையும் எடுத்துவிட்டார்கள். அங்கே லைசென்ஸ் வாங்கி இரண்டு ஆண்டு ஆகாதவர்களுக்கு 6 புள்ளி ஏறினால் லைசென்ஸே போய்விடும். ஒரே அழைப்பில் எல்லாம் முடிந்துவிடும் என்று அர்த்தம்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் எதிர்ப்பக்கம் போனது. 2023-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, முதல் முறை பிடிபட்டால் 150 டாலர் வரை அபராதமும் 2 புள்ளியும் உண்டு. கவனச்சிதறல் பற்றிய வகுப்பை முடித்துக் காட்டினால் இரண்டுமே தள்ளுபடி. இரண்டாம் முறை மாட்டினால் அபராதமும் புள்ளியும் கூடும். இந்தியாவில் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் வேறு மாதிரி. அங்கே பயிற்சி தண்டனைக்குப் பதிலாக வருவதில்லை, தண்டனையோடு சேர்ந்து வருகிறது. லைசென்ஸ் தற்காலிகமாக முடக்கப்பட்டால், புத்தாக்கப் பயிற்சியை முடித்தால்தான் அது திரும்பக் கிடைக்கும். அபராதத்தைக் கட்டி விஷயத்தைத் தீர்த்துக்கொண்டாலும் பயிற்சிக்குப் போகும் கடமை தீராது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. எனக்குப் பிடித்தது இந்த ஏற்பாடுதான். அது ஏட்டில் இருப்பதுபோல் எல்லா இடத்திலும் நடந்தால் இன்னும் பிடிக்கும்.

வகுப்பால் பலன் உண்டா என்று உங்கள் அண்ணன் கேட்டால் நேர்மையாகச் சொல்ல வேண்டியது இது. வேகமாக ஓட்டிப் பிடிபட்டவர்களுக்கான வகுப்பைப் பற்றி பிரிட்டன் 2018-இல் ஒரு பெரிய மதிப்பீட்டை வெளியிட்டது. வகுப்பு ஏற்பாட்டுக்குள் வந்தவர்கள் அடுத்த 6 மாதத்தில் மறுபடியும் அதே தப்பில் மாட்டுவது 12 முதல் 23 சதவீதம் வரை குறைந்திருந்தது. விபத்துகள் குறைந்தனவா என்று பார்த்தால், உறுதியாகச் சொல்லும்படி எதுவும் தெரியவில்லை. அதற்கும் முன்னால், 2003-இல், ஏற்கெனவே நடந்த ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பின் தொகுப்பாய்வு 24 பரிசோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு மறுபடியும் பாடம் எடுப்பதால் விபத்து குறைகிறது என்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. இதை நான் ஒவ்வொரு வகுப்பு எடுக்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன். நாலு மணி நேரம் படம் காட்டி, விதிகளைப் படித்து, கையெழுத்து வாங்கி அனுப்பினால் ஒன்றும் மாறாது. அப்படிப்பட்ட வகுப்புகளும் நடக்கின்றன. அவற்றைப் பற்றி உங்கள் அண்ணன் சொல்வது சரிதான்.

ஆனால் அபராதம் மட்டும் என்ன செய்கிறது? பணம் கட்டியவர் இரண்டு வாரம் போனைத் தொடமாட்டார். அப்புறம் காவலர் நிற்கும் இடங்களில் மட்டும் தொடமாட்டார். போனை மடியில் தாழ்த்தி வைத்துப் பார்க்கப் பழகிக்கொள்வார். காதில் வைத்துப் பேசுவதைவிட அது இன்னும் மோசம், கண்ணும் சாலையை விட்டுப் போய்விடுகிறது. பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பினால், மறைத்துச் செய்யத்தான் பழகுவார்கள். அதனால் என் கருத்து இது: முதல் முறைக்கு வகுப்பைக் கொடுக்கலாம், அது நல்ல வகுப்பாக இருக்க வேண்டும். இரண்டாம் முறைக்குக் கொடுக்கவே கூடாது. யாருக்காவது அடிபட்டிருந்தால் முதல் முறையென்றாலும் கூடாது, அது நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய விஷயம்.

நல்ல வகுப்பு எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். எங்கள் இடத்தில் நடப்பதைச் சொல்கிறேன்.

கட்டடத்துக்குப் பின்னால் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. அங்கே தரையில் 83 மீட்டருக்கு ஒரு நாடாவை விரித்து வைப்பேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 5 விநாடியில் தாண்டும் தூரம் அது. ஒரு செய்தியை எடுத்துப் படிக்க ஆகும் நேரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இரண்டு பேர் இரண்டு பேராக நிற்க வைப்பேன். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நாடாவை ஒட்டி நடக்க வேண்டும், மற்றவர் பக்கத்திலேயே வந்து பார்த்துக்கொள்வார். கை பிடிக்கக் கூடாது. தரை சமதளம், எதிரில் எதுவும் கிடையாது, அது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் பத்துப் பதினைந்து அடி வைத்ததும் கை தானாக முன்னால் நீளும், கால் தேய்த்துத் தேய்த்துப் போகும், கண் திறந்துவிடும். ஒருமுறை பள்ளி வேன் ஓட்டும் அம்மா ஒருவர் மட்டும் விடாப்பிடியாகக் கடைசிவரை நடந்தார். முடிந்ததும் கண்ணைத் திறந்து திரும்பி, தான் நடந்துவந்த நாடாவை முழு நீளமும் பார்த்தார். "இவ்வளவு தூரமா?" என்று கேட்டார். அவர் வேனில் எத்தனை குழந்தைகள் என்று நான் கேட்கவில்லை. அவரே மெதுவாக "பதினாலு பேர்" என்றார்.

உள்ளே வந்ததும் இன்னொன்று செய்வோம். அணைத்து வைத்த போன்களைத் திறந்து, கடந்த ஒரு வாரத்து அழைப்புப் பட்டியலை எடுக்கச் சொல்வேன். ஓட்டும்போது பேசியவற்றை ஒரு தாளில் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நேராக, 20 நிமிடம் கழித்துப் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு வார்த்தையில் எழுத வேண்டும். யாரும் படித்துக் காட்ட வேண்டியதில்லை. பொருள் விநியோகம் செய்யும் ஓர் இளைஞர் 31 அழைப்புகளை எழுதியிருந்தார். முதல் சில வரிகளில் "ஒன்றுமில்லை" என்று எழுதினார். அப்புறம் அந்தச் சொல்லை எழுதவே அலுத்துப்போய் மேற்கோள் குறி மட்டும் போட்டுக்கொண்டே வந்தார். ஒரே ஒரு வரியில் மட்டும் "முதலாளி திட்டுவார்" என்று இருந்தது. வகுப்பில் நான் ஒரு மணி நேரம் பேசினாலும் அந்தத் தாள் சொன்னதைச் சொல்ல முடியாது. உங்கள் கணவர் போகும் இடத்தில் இப்படி ஒரு பயிற்சி இல்லாவிட்டாலும், நீங்கள் வீட்டிலேயே அவரோடு உட்கார்ந்து செய்து பார்க்கலாம். உங்கள் போனிலும் அதே பட்டியலை எடுங்கள். அவர் வண்டியில் இருந்தபோது நீங்கள் கூப்பிட்டவை எவை என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சண்டையாக்க வேண்டாம், சேர்ந்து எழுதுங்கள்.

இனி நீங்கள் செய்யக்கூடியவை. அவரைக் கூப்பிட்டால் முதல் கேள்வி "எங்கே இருக்கீங்க?" என்பது அல்ல, "வண்டி ஓட்டுறீங்களா?" என்பதுதான். ஆமாம் என்றால், "நிறுத்தினதும் கூப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிடுங்கள். ஒரு வரி கூடச் சேர்க்காதீர்கள். "இல்ல, பரவால்ல, சொல்லு" என்பார். அப்போதும் வைத்துவிடுங்கள். முதல் நாலு நாள் அவருக்கு எரிச்சலாக இருக்கும். மகளைக் கூட்டி வருவது போல அன்றாடம் வருகிற விஷயங்களைக் காலையிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அன்றைய அழைப்பே தேவைப்பட்டிருக்காது.

அவர் செய்ய வேண்டியது, வண்டியை எடுப்பதற்கு முன்னால் போனை வண்டிப் பயன்முறையில் போடுவது. இப்போதைய போன்களில் இந்த வசதி இருக்கிறது. கூப்பிடுகிறவர்களுக்கு, ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அதுவே செய்தி அனுப்பிவிடும். அப்புறம் போன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். பக்கத்து இருக்கையில் கவிழ்த்து வைத்தால் போதாது, பின் இருக்கையில் பைக்குள் போகட்டும். மணி அடிக்கும்போது "எடுக்கமாட்டேன்" என்று மனதைக் கட்டுப்படுத்திக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். நானே அப்படி நினைத்துத் தோற்றிருக்கிறேன். பயிற்சியாளராகி இரண்டாம் ஆண்டில், என் அக்காவின் பெயர் திரையில் ஒளிர்ந்ததும் என் கை போய்விட்டது. நல்லவேளை, எடுக்கவில்லை, ஆனால் கண் போனது போனதுதான். அன்றிலிருந்து என் போன் டிக்கியில்தான் பயணம் செய்கிறது. அவசரம் வந்தால் என்ன செய்வது என்ற பயம் இரண்டு பேருக்கும் இருக்கும். அதற்காக ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நீண்ட தூரம் போகும் நாட்களில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் போனைப் பார்ப்பார் என்று வைத்துக்கொண்டால் போதும்.

இன்னொருவரும் இருக்கிறார், அவர் வேலை செய்யும் இடத்தின் மேலாளர். உங்கள் கணவரின் அழைப்புப் பட்டியலை எடுத்தால் உங்களைவிட அந்த அலுவலகத்தின் பெயர்தான் அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன். "அடுத்த வீடு எங்கே, எத்தனை மணிக்குப் போவாய்?" என்று ஓட்டும்போதே கேட்பது அந்தத் தொழிலில் சாதாரணமாகிவிட்டது. ஓட்டும்போது எடுக்கமாட்டேன், ஒவ்வொரு வேலை முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று அவர் எழுத்தில் தெரிவிக்கட்டும். வகுப்புக்குப் போய் வந்த நேரம் அதற்கு நல்ல சந்தர்ப்பம். "வகுப்பில் சொன்னார்கள்" என்று எங்கள் மேல் பழியைப் போட்டுக்கொள்ளட்டும், எங்களுக்குச் சம்மதம்.

கடைசியாக நோட்டீஸ் பற்றி. வகுப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு கடைசித் தேதி இருக்கும். அதைத் தவறவிட்டால் பெரும்பாலும் தானாகவே அபராதத்துக்கும் புள்ளிக்கும் போய்விடும், பிறகு கெஞ்சினாலும் மாற்றமாட்டார்கள். வகுப்புக்கு அவரே கட்டணம் கட்ட வேண்டியிருக்கலாம், அது எவ்வளவு என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். தாமதமாகப் போனால் உள்ளே விடமாட்டார்கள். இணையவழி வகுப்பானால் கேமராவை அணைக்க விடமாட்டார்கள், ஓட்டிக்கொண்டே சேர்ந்தவர்களை நானே வெளியே அனுப்பியிருக்கிறேன். நேரில் போகும் வாய்ப்பிருந்தால் நேரிலேயே போகச் சொல்லுங்கள். காப்பீட்டு விண்ணப்பத்திலோ வேலைக்கான படிவத்திலோ இப்படி ஒரு வகுப்புக்குப் போனதுண்டா என்று கேட்டிருந்தால் ஆமாம் என்றே எழுத வேண்டும். முடிந்ததும் தரும் சான்றிதழைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் திரும்பி வந்து வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் நுழைந்த பிறகு, என்ன நடந்தது என்று கேளுங்கள். உங்கள் அண்ணனும் அப்போது கூட இருந்தால் நல்லது.